மடம் என்னும் சொல்



ஒரு திருமண வீட்டில் நிகழ்ந்த சிறிய உரையாடல் இவ்வுரைக்குக் காரணமாயிற்று. மணமகள் மருத்துவம் பயின்றவள். அவள் குடும்பத்தோடு நெடுநாள் பழகிய மரபுக் கவிஞர் ஒருவர் வாழ்த்துப்பா எழுதி, கண்ணாடிச் சட்டமிட்டுக் கொண்டு வந்து, மேடையில் உரக்கப் படித்தார். மணமகளை 'மணமகளாம் மடமயிலே' என்று அவர் விளித்த இடத்தில் கைதட்டல் எழுந்தது. பந்தி முடிந்து கூட்டம் கலைந்த பின் மணமகள் அவரிடம் வந்து, "மாமா, மடமயில் என்றால் என்ன பொருள்?" என்று கேட்டாள். "அழகிய மயில் என்று பொருள், அம்மா" என்றார் அவர். "அப்படியானால் மடமை என்றால் அழகா, மாமா?" என்று அவள் மீண்டும் கேட்டாள். கவிஞர் சிரித்தார், உடன் நின்றவர்களும் சிரித்தனர். விடை மட்டும் வரவில்லை.

கவிஞர் கூறியது பொய்யன்று. மணமகள் ஐயுற்றதும் பிழையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியை விரித்துப் பார்ப்போர் இச்சொல்லின் கீழ் அறியாமையையும் காண்பர், அழகையும் காண்பர், மென்மையையும் காண்பர். ஒரு சொல் எப்படி இத்தனையையும் ஒருங்கே சுமக்க வந்தது என்பதும், அச்சுமையை யார் தலையில் இறக்கி வைத்தது என்பதுமே இங்குப் பேசத்தக்கவை. பத்தாண்டுகளாகக் கவிதை படித்தும் கேட்டும் வரும் வட்டத்தில் இதனைப் பேசாமல் வேறெங்குப் பேசுவது?

முதலில் இரண்டு உறவினர்களை விலக்கி விடலாம்; அவர்கள் உண்மையில் உறவினரும் அல்லர். துறவியர் உறையும் மடம் வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். தேர்வுத் தாள்களில் இவ்விரண்டும் கைகோத்து நடப்பதுண்டு. நகைப்போடு விட்டுவிட வேண்டியதுதான். மடையன் என்பது இன்று வசைச்சொல். ஆனால் மடை என்பதற்குச் சோறு, சமையல் என்னும் பொருள்கள் உண்டு. அந்த வழியில் மடையன் சமையல் செய்பவன். கோயில்களில் மடைப்பள்ளி இன்றும் அப்பொருளைக் காத்து வருகிறது. சமையற்காரனும் அறிவிலியும் ஒரே எழுத்தொலிக்குள் அகப்பட்டுக்கொண்டது சமையற்காரனின் தீயூழ்.

இனி நம் சொல். பழைய நூல்களில் 'மட' என்னும் அடை பெரிதும் உயிர்களின் முன் வருகிறது. மடப்பிடி, மடமான், மடமஞ்ஞை, மடநாரை, மடக்கிளி, மட அன்னம் என வரும் தொடர்களை அறியாத மரபுக் கவிஞர் இல்லை. இவற்றில் வரும் 'மட' என்பதற்கு உரைகாரர்கள் இடத்திற்கேற்ப இளமை என்றும் மென்மை என்றும் அறியாமை என்றும் பொருள் எழுதிச் செல்கின்றனர். ஒவ்வோரிடத்திலும் ஒன்றைத்தான் கொள்ள வேண்டும் என்று வாதிடுவது வீண் உழைப்பு. மரத்தின் நுனியில் அரும்பிய தளிரை நினைத்துப் பார்த்தால் போதும். அதன் நிறம் வெளிறியிருப்பது அது வெயில் காணாததால். அது மெல்லிதாயிருப்பதும் அதனால். கண்ணுக்கு இனிதாயிருப்பதும் அதனால். முதற்காற்றில் கிழிவதும் அதனால். இளமை, மென்மை, அழகு, அறியாமை என்னும் நான்கும் ஒரே தளிரின் நான்கு பெயர்கள். மடம் என்பது தொடக்கத்தில் அந்தத் தளிர்நிலை. உலகம் இன்னும் தன்மேல் படாத நிலை.

இந்நிலையைச் சுட்டத் தமிழில் வேறு சொற்களும் உண்டு. பச்சைப்பிள்ளை என்று சொல்லும்போது குரலில் இரக்கம் இருக்கிறது. கற்றுக்குட்டி என்று சொல்லும்போது இகழ்ச்சி இருக்கிறது. பால்மணம் மாறாதவன் என்பதில் மூத்தோரின் செருக்குக் கொஞ்சம் இருக்கிறது. மடம் என்னும் சொல்லில் இரக்கமும் இகழ்ச்சியும் வியப்பும் பிரிக்க முடியாதபடி கலந்திருக்கின்றன. அதனால்தான் அது கவிஞர்களுக்கு வேண்டியதாயிற்று. அதனால்தான் அது ஆபத்தானதும் ஆயிற்று.

குறுந்தொகையின் 66 ஆம் பாட்டு இச்சொல்லைக் கையாளும் விதம் நினைக்குந்தோறும் இனிப்பது. கார்காலத்தில் மீள்வேன் என்று சொல்லிப் பிரிந்தான் தலைவன். மழை பெய்துவிட்டது, கொன்றை சரஞ்சரமாகப் பூத்துவிட்டது, அவன் வரவில்லை. தலைவியின் முகம் வாடுவதைக் கண்ட தோழி, கொன்றை மரங்கள்மீது பழியைப் போடுகிறாள். இந்த மரங்கள் மடமை உடையவை; அவன் சொன்ன பருவம் இன்னும் வரவில்லை; காலமல்லாக் காலத்தில் பெய்த மழையைக் கார் என்று நம்பி இவை பூத்துவிட்டன என்பது அவள் வாதம். பாட்டின் முதற்சொல்லே மடமையைச் சுட்டும் சொல். ஆண்டுதோறும் பூத்துப் பழகிய பெருமரங்களை, முதல் மழையைக் கண்டு ஏமாந்த சிறுபிள்ளைகளாக ஆக்கிவிடுகிறாள் அவள்.

உண்மையில் அது கார்காலந்தான். தோழிக்கும் அது தெரியும். தலைவிக்கும் தெரியாமல் இராது. அறிந்தவள் ஒருத்தி, அறிந்த இன்னொருத்தியைத் தேற்றுவதற்காக, அறியாமையை எடுத்து மரத்தின்மேல் சார்த்துகிறாள். மடம் என்னும் சொல் இங்கு எந்தப் பெண்ணையும் சுட்டவில்லை. ஒரு பெண்ணைக் காப்பதற்கான கேடயமாக நிற்கிறது.

இதே கொன்றை 21 ஆம் பாட்டிலும் பூக்கிறது. பாடியவர் ஓதலாந்தையார். அங்கே தோழியின் தேற்றம் தேவைப்படவில்லை. தலைவியே பேசுகிறாள். கானம் தன் பூக்களைக் காட்டிக் கார் வந்துவிட்டது என்று சொன்னாலும் நான் நம்பமாட்டேன். அவர் பொய் சொல்லமாட்டார் என்பது அவள் கூற்று. கண்முன் காடு முழுதும் சான்று சொல்ல, அதைத் தள்ளிவிட்டு ஒருவனது சொல்லை அவள் பற்றிக்கொண்டிருக்கிறாள். இதனை அறியாமை என்பதா, உறுதி என்பதா? இந்தக் கேள்விக்கு நேர்விடையாக அமைவதுபோல் பழைய உரை ஒன்று இருக்கிறது.

இறையனார் களவியலின் உரை, பெண்மைக் குணங்களாக நாணம், மடம், அச்சம், பயிர்ப்பு என்னும் நான்கையும் விளக்கும் இடத்தில் மடத்திற்குத் தரும் இலக்கணம் அறியாமை அன்று. ஒன்றைக் கற்பித்தால் அதனை ஏற்றுக்கொள்ளுதலும், ஏற்றுக்கொண்டதை விடாதிருத்தலும் மடம் என்பது அதன் கருத்து. இங்கே கற்பித்தலுக்கு உரைகாரர் ஆளும் சொல் கொளுத்துதல். கொள்ளச் செய்வது கொளுத்துதல். ஆசிரியன் மாணவனைக் கொள்ளச் செய்கிறான். ஏற்பதற்குத் திறந்திருக்கும் மனமும், ஏற்றதைக் கைவிடாத பிடியும் ஆகிய இரண்டும் சேர்ந்தால் மடம். நல்ல மாணவர் ஒருவரைப் பற்றி ஆசிரியர் எழுதித் தரும் நற்சான்றுபோல் இல்லையா இது!

இந்த இலக்கணம் பெண்களுக்குப் புகழ்மாலை சூட்டவே எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. யார் கொளுத்துவது, எதைக் கொளுத்துவது, கொண்டதை ஏன் விடக்கூடாது என்னும் கேள்விகள் அதன் பின்னால் நிற்கின்றன. கற்பிப்போர் தவறாகக் கற்பித்தால் அந்த உறுதி யாருக்கு நன்மை? எனினும் அறிவின்மை என்பதிலிருந்து இது மிகத் தொலைவில் இருக்கிறது என்பதை மறக்கலாகாது. ஓதலாந்தையாரின் தலைவி அறிவில்லாதவள் அல்லள், கொண்டதை விடாதவள். திருக்குறளின் 1297 ஆம் குறளில் தலைவி தன் நெஞ்சையே மடநெஞ்சு என்கிறாள். அவனை மறக்கத் தெரியாத இந்த நெஞ்சோடு சேர்ந்து நாணத்தையும் மறந்துவிட்டேன் என்று அவள் நொந்துகொள்கிறாள். அங்கும் மடம் என்பது விடத் தெரியாமை. அவள் தன் நெஞ்சை வைகிறாள். அந்த வசைக்குள் ஒரு பெருமிதமும் இருக்கிறது.

தொல்காப்பியர் இந்நிலையை என்றும் மாறாததாகக் கொள்ளவில்லை என்பதும் குறிக்கத்தக்கது. களவியலில் தலைவியின் இயல்புகளுள் அச்சம், நாணம் இவற்றோடு மடத்தையும் வைத்தவர், மெய்ப்பாட்டியலில் மடம் கெடும்படி பேசுதலை ஒரு மெய்ப்பாடாகவே எண்ணுகிறார். 'மடந்தப உரைத்தல்' என்பது அதன் பெயர். காதல் முதிர முதிரத் தலைவியின் பேச்சிலிருந்து மடம் விலகுகிறது. அவள் எடுத்துச் சொல்கிறாள், இடித்துச் சொல்கிறாள், வழிகாட்டுகிறாள். மடம் ஒரு பருவம், பருவம் கழியும்.

கழிந்தது எப்போது என்று யாராலும் சொல்ல முடியாமற் போவதை நற்றிணை 110 ஆம் பாட்டில் போதனார் காட்டுகிறார். அப்பாட்டில் மடம் என்னும் சொல் வரவில்லை. அதன் பொருள் முழுவதும் வருகிறது. பொற்கலத்தில் தேன் கலந்த பாலை ஏந்திக்கொண்டு நரைத்த செவிலியர் பின்னே ஓட, சிலம்பு ஒலிக்கப் பந்தலில் ஓடி ஒளிந்த சிறுமி அவள். இன்று கணவன் வீட்டில் வறுமை வந்தபோது, தந்தை வீட்டு வளமான சோற்றை நினைக்கவும் மறுத்து, பொழுது மாற்றி உண்ணும் மனவலிமை பெற்றிருக்கிறாள். இந்த அறிவையும் ஒழுக்கத்தையும் இவள் எங்கே கற்றாள் என்று தாயர் வியக்கின்றனர். கொளுத்தியவர் ஒருவரும் இல்லை, அவளாகக் கொண்டாள். வளர்த்தவர்களுக்கே தெரியாமல் ஒரு குழந்தை முதிர்ந்துவிடுவதைப் பாடிய பாட்டு இது.

வள்ளுவரிடம் இச்சொல் இரு வேறு முகங்களோடு வருகிறது. 1089 ஆம் குறளில் பெண்மானின் பார்வை போன்ற மடநோக்கு உடையவளுக்கு வேறு அணிகள் எதற்கு என்று தலைவன் வியக்கிறான். அது பழைய தளிர்நிலை. விருந்தோம்பல் அதிகாரத்தின் 89 ஆம் குறளிலும் பொறையுடைமை அதிகாரத்தின் 153 ஆம் குறளிலும் வரும் மடவார் வேறு. செல்வம் இருந்தும் விருந்தினரைப் பேணாதவர் அங்கே மடவார். அறியாமையால் தீங்கு செய்வோரைப் பொறுத்துக்கொள்வதே வலிமையுள் வலிமை என்னும் இடத்திலும் அவரே மடவார். ஆண், பெண் என்னும் வேறுபாடு அங்கில்லை. சொல்லப்போனால் செல்வத்தைப் பூட்டி வைத்துக்கொண்டு விருந்தினரை வாயிலிலேயே திருப்பி அனுப்புவோருள் ஆடவர் தொகை குறைவு என்று எவரும் சொல்ல மாட்டார்.

ஆனால் பிற்காலத்தில் மடவார் என்ற அளவிலேயே பெண்கள் என்பது பொருளாயிற்று. மடந்தை, மடவரல், மடவாள், மடவார், மடக்கொடி, மடமொழி, மடமாது என ஒரு பெரிய குடும்பமே உருவாகிவிட்டது. பயன் என்ன? வகுப்பறையில் 153 ஆம் குறளைத் தனியே படிக்கும் மாணவன் ஒருவன், பெண்களைப் பொறுத்துக்கொள்வதுதான் ஆடவரின் பெருவலிமை என்று வள்ளுவர் சொன்னதாகப் பொருள் எழுதிவிடுகிறான். அவனைக் குறைசொல்லிப் பயனில்லை. இடையில் வந்த நூற்றாண்டுகள் அவனுக்கு அப்படித்தான் கொளுத்தியிருக்கின்றன. அவனும் கொண்டது விடாமல் எழுதுகிறான்.

பருவப் பெயர்களின் பட்டியலை இங்கே ஒரு கணம் நோக்கலாம். பெண்ணின் பருவம் ஏழு: பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியங்கள் இவ்வேழு பருவத்தாரையும் வீதியில் நிறுத்தித் தலைவன் பவனி வரக் காணச் செய்கின்றன. முதற்பெயரே அறியாமையைச் சுட்டுகிறது. நான்காம் பெயரில் மடம் இருக்கிறது. மடந்தைக்குப் 14 முதல் 19 வரை அகவை வகுப்பர். ஆடவர்க்குப் பாட்டியல் கூறும் பருவப் பெயர்களில் மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை என்பவற்றைக் காண்க. வலிமையும் வீரமும் திறலும் அங்கே வரிசையில் நிற்கின்றன. பதினான்கு வயதுப் பையனும் பதினான்கு வயதுப் பெண்ணும் உலகம் அறியாமையில் ஒத்தவர்களே. அவன் அறியாமைக்கு மறம் என்று பெயர். அவள் அறியாமைக்கு மடம் என்று பெயர். இளங்கன்று பயமறியாது என்னும் பழமொழியைப் பையனைப் பார்த்தே பெரும்பாலும் சொல்கிறார்கள். பெண்கன்றும் கன்றுதானே!

இன்னொன்று. பேரிளம்பெண்ணுக்கு வயது 40 வரை. அதன்பின் பெண்ணுக்குப் பருவப் பெயரே கிடையாது. நாற்பதைக் கடந்தவள் உலா வரும் வீதியில் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பதைப் புலவர் எவரும் பாடவில்லை. ஒருவேளை கூட்டத்தில் தொலைந்துவிட்ட பேதைக் குழந்தையைத் தேடிக்கொண்டிருந்திருக்கலாம்.

மடம் ஆடவருக்கும் உண்டு என்று துணிந்து பாடியவர் பரணர். புறநானூறு 142 ஆம் பாட்டில் வையாவிக் கோப்பெரும்பேகனைப் பாடுகையில் கொடைமடம், படைமடம் என்னும் இரண்டு தொடர்களை அவர் ஆள்கிறார். வற்றிய குளத்திலும் பெய்யும், அகன்ற வயலிலும் பெய்யும், விளைவுக்கு உதவாத களர்நிலத்திலும் பெய்யும் மழைபோல இன்னார்க்கு இது என்று அளந்து பாராமல் அள்ளிக் கொடுப்பவன் பேகன். ஆகவே கொடுப்பதில் அவன் மடம்படுவான், போரில் மடம்படமாட்டான் என்பது அவர் கருத்து. வள்ளல் ஒருவனது வாயிலில் நின்றுகொண்டு அவனை மடம் உடையவன் என்று சொல்ல முடிந்திருக்கிறது. அதனை அவன் புகழாகக் கொண்டிருக்கிறான். இச்சொல்லில் இழிவு அப்போது எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை.

பேகன் மயிலுக்குப் போர்வை அளித்ததும் பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததும் எல்லோரும் அறிந்தவை. பின்வந்த பழமொழி நானூறு இவ்விருவரையும் ஒருங்கே நினைத்து, இத்தகைய செயலுக்கு 'அறிமடம்' என்று பெயர் வைத்து, அது சான்றோர்க்கு அணி என்றது. முன்றுறை அரையனார் ஆண்ட இந்த ஒரு சொல்லுக்காகவே அந்நூலைக் கையில் எடுக்கலாம். மயிலுக்குக் குளிராது என்பது பேகனுக்குத் தெரியாதா? தெரியும். முல்லை பற்றிப் படர ஒரு கொம்பை நட்டால் போதும் என்பது பாரிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல், உள்ளத்தில் எழுந்த இரக்கத்தின் முன் கணக்கை ஒதுக்கி வைத்தார்கள். முதிர்ந்தவர் தாமாகத் திரும்பிச் சென்று எடுத்துக்கொண்ட இளமை அது. அறியாமை வேறு, அறிமடம் வேறு. முன்னது வயதால் வருவது. பின்னது வயதை வென்று வருவது.

இங்கேதான் ஒரு குழப்பம் நிகழ்ந்திருக்கிறது. பள்ளியிலும் கல்லூரியிலும் புழங்கும் துணைநூல்கள் பலவற்றில் பெண்மைக் குணமாகிய மடத்திற்கு, அறிந்தும் அறியாதது போல் இருத்தல் என்று பொருள் எழுதப்பட்டிருக்கும். மாணவர்கள் அதனை மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் பெறுகிறார்கள். களவியல் உரை சொன்ன இலக்கணம் இதுவன்று. அறிமடம் என்னும் தொடருக்குரிய பொருள் எப்படியோ இடம் பெயர்ந்து பெண்ணின் மடத்தின்மேல் ஏறிக்கொண்டது எனக் கருத இடமுண்டு. பேகனும் பாரியும் அறிந்ததை மறைத்தது தம் விருப்பத்தால். அதனால் இழந்ததும் தம் போர்வையும் தம் தேருமே. பெண்ணுக்கு அதுவே விதியானால் அவள் இழப்பது எது?

அறிந்த விடையைச் சொல்லாமல் வகுப்பில் தலைகுனிந்திருக்கும் பெண்ணை அடக்கமானவள் என்று பாராட்டுவதைப் பலரும் கண்டிருப்பர். கணவனுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்பதை நாலுபேர் முன் காட்டிக்கொள்ளாதே என்று தாயே மகளுக்குச் சொல்லி அனுப்புவதும் உண்டு. அறியாமையைக்கூட மன்னித்துவிடலாம், அது கற்றால் தீரும். அறிந்ததை ஒளித்துவைக்கும் பழக்கம் கற்கக் கற்க வளர்வது. ஒரு சொல்லுக்கு எழுதப்பட்ட பிழையான பொருள் எத்தனை வாய்களை அடைத்திருக்கும் என்பதை எண்ணும்போது சொல்லாராய்ச்சி என்பது புத்தகப் புழுக்களின் பொழுதுபோக்கு என்ற ஏளனத்தை ஏற்க முடியவில்லை.

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் இச்சொல் ஒரு நொடி வந்து மறைகிறது. கண்ணீர் வழியத் தன்முன் வந்து நிற்பவளை யார் என்று கேட்கும் பாண்டியன், அவளைக் கொடியாக உருவகித்து 'மடக்கொடி' என்னும் சொல்லால் விளிக்கிறான். அவன் அதனை இகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பெண்ணை அழைக்க அவன் நாவில் பழகிய சொல் அது. நம் வாழ்த்துப்பாக் கவிஞரின் நாவில் பழகியதுபோல. அவளோ அவனைத் தேராத மன்னன் என்று விளித்து மறுமொழி தொடங்குகிறாள். ஆராய்ந்து அறியாதவன் யார் என்பது அந்த இரண்டு விளிகளிலேயே முடிவாகிவிட்டது. அதன்பின் சிலம்பு உடைந்ததும் மணி தெறித்ததும் அத்தீர்ப்பின் சான்றுகள்தாம். மடக்கொடி என்று அழைக்கப்பட்டவளிடம் அந்த அவையில் மடம் சிறிதும் இருக்கவில்லை. களவியல் உரையின் பொருளில் மட்டும் இருந்தது: அவள் கொண்டது விடவில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இச்சொல்லின் முகவரியை மாற்றி எழுதியவர் பாரதியார். புதுமைப்பெண்ணைப் பாடியபோது நாணத்தையும் அச்சத்தையும் அவர் எங்கே அனுப்பினார் என்பது யாவரும் அறிந்ததே. 'விடுதலை' என்னும் பாட்டில், பெண்களை இழிவு செய்வதையே மடமை என்று பெயரிட்டு, அதனைத் தீயிட வேண்டும் என்றார். மடம் இதுகாறும் எவருடைய குணம் என்று சொல்லப்பட்டதோ அவரிடமிருந்து எடுத்து, அப்படிச் சொன்னவர்களிடமே திருப்பித் தந்துவிட்டார். அவர் ஆண்ட வினைச்சொல்லும் கொளுத்துதலே. பழைய உரைகாரர் மடம் உடையவளுக்குக் கொளுத்தச் சொன்னார். பாரதியார் மடமையையே கொளுத்தச் சொன்னார். அறிவைப் பற்றிக்கொள்ளச் செய்வதும் கொளுத்துதல், தீயைப் பற்றிக்கொள்ளச் செய்வதும் கொளுத்துதல். அவர் களவியல் உரையை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் என்று சொல்வதற்கில்லை. மொழி தானாகச் செய்துகொள்ளும் சில ஏற்பாடுகள் உண்டு.

இனி அந்த மணமகளின் கேள்விக்குத் திரும்பலாம். மடமயில் என்றால் என்ன? இதற்கு விடை பரணரிடமே இருக்கிறது. புறநானூறு 145 ஆம் பாட்டில், பேகன் போர்வை அளித்த அந்த மயிலை அவர் 'மடத்தகை மாமயில்' என்கிறார். அது குளிரால் நடுங்கும் என்று இரங்கிப் போர்வை தந்தவனே என்று பேகனைப் புகழ்ந்து தொடங்குகிறார். ஆனால் அவர் அன்று வந்தது மயிலைப் பாடுவதற்கன்று. பேகன் தன் மனைவி கண்ணகியைப் பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்துகொண்டிருந்தான். பசித்து வரவில்லை, காக்க வேண்டிய சுற்றமும் இல்லை. இன்றிரவே தேரேறிச் சென்று, துன்பத்தோடு உறைகின்ற அவளுடைய துயரைக் களைவாயாக, இதுவே வேண்டும் பரிசில் என்கிறார் பரணர். இதே வேண்டுகோளைக் கபிலரும் அரிசில்கிழாரும் பெருங்குன்றூர்கிழாரும் அவனிடம் வைத்திருக்கின்றனர். பரணர் இருமுறை வைத்தார். 143 முதல் 147 வரை ஐந்து பாட்டுகள் அவளுக்காக நிற்கின்றன.

மயிலின் நடுக்கத்தைக் கேளாமலே உணர்ந்தவன், மனைவியின் கண்ணீரை நான்கு புலவர்கள் சொல்லியும் உணராதிருந்தான். பரணர் மடம் என்னும் சொல்லை மயிலுக்குக் கொடுத்தார். மற்றொரு பாட்டில் மன்னனின் கொடைக்கும் கொடுத்தார். கண்ணகிக்கு அதனைக் கொடுக்கவில்லை. அவளை அப்பாட்டுகள் இளையோய் என்றும் அரிவை என்றும் துன்பத்தோடு உறைபவள் என்றும் சொல்கின்றன. மடமயில் என்பது போர்வை பெற்ற மயில். கேளாமல் பெற்றது, பெற்றதை என்ன செய்வதென்றும் அதற்குத் தெரியாது. மணப்பெண்ணை அப்பெயரால் வாழ்த்துவோர் அந்த ஐந்து பாட்டுகளையும் ஒருமுறை படித்துவிட்டு வாழ்த்துவது நல்லது.

திருமண வீட்டுக் கவிஞரிடம் இவற்றையெல்லாம் பின்னர் எடுத்துச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. பொறுமையாகக் கேட்டார். அவருடைய கவலை வேறு. அந்தச் சீரை எடுத்துவிட்டால் பாட்டு நிற்காதே என்றார். சட்டமிட்ட கண்ணாடிக்குள் இருப்பது மரபுப்பா. அதில் ஓர் அசையையும் அசைக்க முடியாது. மடமயிலே என்பது நிரை, நிரை, நேர். கருவிளங்காய். உடனிருந்த இளைஞர் ஒருவர், "ஐயா, இளமயிலே என்று போட்டுப் பாருங்கள்" என்றார். கவிஞர் விரல்விட்டு அலகிட்டுப் பார்த்தார். மணமகளாம் என்பதோடு இருந்த மோனை போயிற்று, தளை தட்டவில்லை.